மின்தாள் திரை ஏன் கண் சிமிட்டுகிறது?

மின்னூல் வாசிப்பான் புதிதாக வாங்கியவர்கள் முதல் நாளே கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "பக்கத்தைத் திருப்பினா திரை முழுக்க ஒரு தடவை கருப்பாகி, அப்புறம் வெள்ளையாகுதே, பீஸ் ஏதாவது ஃபால்ட்டா?" இல்லைங்க. கருவி ஒழுங்காக வேலை செய்கிறது என்பதற்கு அடையாளமே அந்தச் சிமிட்டல்தான். அடுத்த கேள்வி இன்னும் நியாயமானது. "கையில இருக்கிற போன் நொடிக்கு 60 தடவை திரையை வரையுது. இதுக்கு ஒரே ஒரு பக்கம் வரைய அரை நொடி எதுக்கு?"

இந்த இரண்டுக்கும் பதில் தேடிப் போனால் 1970கள் வரை போக வேண்டியிருக்கிறது. தேடியதில் எனக்குப் பட்டதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கருப்பு வெள்ளை மின்தாளில் இருபது வருடமாகியும் இந்தச் சிமிட்டலை யாரும் ஒழித்துவிடவில்லை. எப்போது சிமிட்டியே ஆக வேண்டும், எங்கே சிமிட்டாமல் தப்பிக்கலாம் என்று முடிவு செய்கிற மென்பொருள்தான் வளர்ந்திருக்கிறது. அந்த முடிவை எடுப்பது யார் என்பதும் கூடவே மாறிக்கொண்டு வந்திருக்கிறது.

மறக்கத் தெரியாத திரை

நம் போனில் இருக்கும் திரைக்கு ஞாபகசக்தி ரொம்பக் குறைவு. வரைந்ததைச் சில மில்லி நொடிதான் வைத்திருக்கும். அதனால் படம் மாறினாலும் மாறாவிட்டாலும் திரும்பத் திரும்ப வரைந்துகொண்டே இருக்க வேண்டும். அப்படி வரைய, திரையில் உள்ள ஒவ்வொரு புள்ளியின் நிலையையும் நினைவகத்தில் எங்காவது வைத்திருக்க வேண்டும்.

இன்றைக்கு அது ஒரு பெரிய விஷயமே இல்லை. ஆனால் 1972ல் டெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் 4010 என்ற வரைபட முனையத்தை வெளியிட்டபோது நிலைமை வேறு. அதன் திரையில் 1024 × 780 புள்ளிகள். ஒரு புள்ளிக்கு ஒரு பிட் என்று வைத்தால் கிட்டத்தட்ட 8 லட்சம் பிட். அப்போது பிரபலமாக இருந்த நினைவகச் சில்லு இன்டெல் 1103. ஒரு சில்லுக்கு 1024 பிட். ஆக, திரையை ஞாபகம் வைத்துக்கொள்ள மட்டுமே 780 சில்லு வேண்டும்! யாருக்குக் கட்டுப்படியாகும்?

அதற்கு டெக்ட்ரானிக்ஸ் கண்டுபிடித்த வழி, திரையையே நினைவகமாக்கிவிடுவது. அந்தப் படக்குழாயில் ஒரு கோட்டை ஒருமுறை வரைந்துவிட்டால் அது தானாக ஒளிர்ந்துகொண்டே நிற்கும். திரும்ப வரைய வேண்டாம், நினைவகமும் வேண்டாம். கணினி அந்தக் கோட்டை மறந்தே போகலாம்.

ஒரே ஒரு சிக்கல். வரைந்ததில் ஒரு கோட்டை மட்டும் அழிக்க முடியாது. அழிப்பதென்றால் மொத்தத் திரையையும்தான் அழிக்க வேண்டும். அப்படி அழிக்கும்போது திரை முழுவதும் பச்சையாகப் பளீரென்று ஒளிர்ந்து, பிறகு அடங்கும். அந்தக் காலத்துப் பொறியாளர்களுக்கு அந்தப் பச்சை மின்னல் நன்றாகப் பழக்கம். கிண்டில் வருவதற்கு 35 வருடம் முன்பே, சிமிட்டிச் சிமிட்டிப் பக்கம் மாற்றிய திரை அது. தானாக ஞாபகம் வைத்துக்கொள்கிற திரைக்கு, மறப்பதற்குத் தனியாக ஒரு வேலை செய்ய வேண்டியிருக்கிறது. நாம் பார்ப்பது அந்த வேலையைத்தான்.

மாறியதை மட்டும் அனுப்பு

மெதுவாக வரைவது இரண்டாவது பிரச்சினை. இதற்கும் ஒரு பழைய சொந்தக்காரர் இருக்கிறார்.

1970களின் பிற்பகுதியில் தொலைபேசி வழியாகக் கணினியோடு இணைந்து வேலை செய்தவர்களுக்குக் கிடைத்த வேகம் பெரும்பாலும் 300 பாட். நொடிக்குச் சுமார் 30 எழுத்து. 80 எழுத்து அகலமும் 24 வரி உயரமும் கொண்ட திரையை முழுதாக நிரப்ப ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகும். பில் ஜாய் இப்படிப்பட்ட மெதுவான இணைப்பில் உட்கார்ந்துதான் விஐ தொகுப்பானை எழுதினார். திரையில் இப்போது என்ன இருக்கிறது, அடுத்து என்ன இருக்க வேண்டும் என்று ஒப்பிட்டு, வித்தியாசத்தை மட்டும் அனுப்புகிற வேலையை கர்சஸ் என்ற நிரலகம் பொதுவுடைமையாக்கியது. பின்னாளில் ஜாவா மொழியை உருவாக்கிய ஜேம்ஸ் கோஸ்லிங், திரையை மிகக் குறைந்த செலவில் மாற்றி வரைவது எப்படி என்று 1981ல் ஒரு ஆய்வுக் கட்டுரையே எழுதினார்.

பிறகு நினைவகம் மலிந்தது, இணைப்புகள் வேகமாகின. "எதை வரையாமல் விடலாம்?" என்று யோசிக்கிற பழக்கம் சாதாரணப் பயன்பாடுகளை எழுதுகிறவர்களிடம் கிட்டத்தட்ட மறைந்தே போனது. மின்தாள் வந்தபோது இந்த இரண்டு பழைய பிரச்சினைகளும் கைகோத்துக்கொண்டு திரும்பி வந்தன.

குப்பிக்குள் மை

மின்புலத்தால் துகள்களை நகர்த்திப் படம் காட்டலாம் என்பது புது யோசனை இல்லை. ஜப்பானில் மட்சுஷிதா நிறுவனத்தில் இசாவோ ஓட்டா 1970களின் தொடக்கத்திலேயே அதைச் செய்து காட்டினார். ஆனால் திரவத்தில் மிதக்கும் துகள்கள் நாளாக ஆக ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், ஒரு பக்கமாய்ப் போய்ப் படியும்.

எம்ஐடி ஊடக ஆய்வகத்தில் ஜோசப் ஜேக்கப்சனும் அவருடைய இளநிலை மாணவர்கள் பாரெட் காமிஸ்கி, ஜே.டி. ஆல்பர்ட் ஆகியோரும் இதற்கு ஒரு தீர்வு கண்டார்கள். துகள்களைத் திரவத்தோடு சேர்த்து, தலைமுடியின் தடிமன் அளவே உள்ள நுண்ணிய குப்பிகளில் அடைத்துவிடுவது. எங்கே போய் ஒட்டினாலும் அந்தக் குப்பிக்குள்தானே ஒட்ட முடியும்! 1997ல் ஈ இங்க் நிறுவனம் தொடங்கியது. 1998ல் நேச்சர் இதழில் கட்டுரை வந்தது.

பிறகு வாசிப்பான்களில் வந்த வடிவத்தில், ஒவ்வொரு குப்பியிலும் எதிரெதிர் மின்னூட்டம் கொண்ட வெள்ளைத் துகளும் கருப்புத் துகளும் இருக்கும். கீழே உள்ள மின்முனையில் ஒரு பக்கமாக மின்னழுத்தம் கொடுத்தால் வெள்ளை மேலே வரும், திருப்பிக் கொடுத்தால் கருப்பு மேலே வரும். மின்சாரத்தை நிறுத்தினால் அங்கங்கே அப்படியே நிற்கும். அதனால்தான் அணைத்து வைத்த கருவியிலும் படம் தெரிகிறது.

நிஜமாகவே ஒரு துகள் திரவத்தில் நீந்திப் போக வேண்டும் என்பதை இங்கே கவனியுங்கள். போன் திரையில் நடப்பது மாதிரி இது வெறும் ஒளி விளையாட்டு இல்லை. நீந்த நேரம் பிடிக்கும். குளிரில் திரவம் கெட்டியாகும், இன்னும் நேரம் பிடிக்கும். மேலே முழுதாக வந்தால் வெள்ளை, கீழே போனால் கருப்பு. நடுவில் நிறுத்தினால் சாம்பல். இந்த "நடுவில் நிறுத்துவது"தான் பெரிய தலைவலி. துகள் இப்போது எங்கே இருக்கிறது என்று அளந்து பார்க்க எந்த வழியும் இல்லை. இதற்கு முன் என்ன கட்டளை கொடுத்தோம் என்பதை வைத்து ஊகிக்க வேண்டியதுதான். ஊகம் கொஞ்சம் பிசகினால் பழைய பக்கத்தின் எழுத்து புதிய பக்கத்தில் மங்கலாக நிழலாடும்.

ஆகவே பாதுகாப்பான வழி ஒன்றுதான். எல்லாத் துகளையும் ஒரு கோடிக்கும், பிறகு மறு கோடிக்கும் தள்ளிவிட்டு, தெரிந்த இடத்திலிருந்து ஆரம்பிப்பது. கரும்பலகையில் கையால் துடைத்து எழுதிக்கொண்டே போய், ஒரு கட்டத்தில் ஈரத் துணி போட்டு மொத்தமாகத் துடைப்போமே, அது போல. அந்த ஈரத் துணிதான் நாம் பார்க்கும் கருப்புச் சிமிட்டல்.

அலைவடிவ அட்டவணை

எந்தப் புள்ளிக்கு எத்தனை மில்லி நொடி எந்தப் பக்கமாக மின்னழுத்தம் தருவது என்று சொல்லும் அட்டவணைக்கு அலைவடிவம் என்று பெயர். 16 சாம்பல் நிலை இருந்தால், எந்த நிலையிலிருந்து எந்த நிலைக்கு என்று 256 மாற்றங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு செய்முறை. வெப்பநிலை மாறினால் அட்டவணையும் மாறும், அதற்காகவே கருவிக்குள் வெப்பமானி இருக்கிறது. இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. ஒரு பக்கமாகக் கொடுத்த மின்னழுத்தத்தை மறுபக்கமாகவும் கொடுத்துக் கணக்கை நேர் செய்ய வேண்டும். பாக்கி வைத்துக்கொண்டே போனால் திரை நாளடைவில் கெட்டுவிடும்.

இந்த அட்டவணைகளில் பல வகை உண்டு. ஜிசி16 என்பது எல்லாப் புள்ளிகளையும் சிமிட்டி 16 நிலைக்கும் சுத்தமாக வரைவது. சுமார் 450 மில்லி நொடி எடுக்கும். நொடிக்கு 85 சட்டகம் என்ற கணக்கில் ஏறக்குறைய 38 சட்டகம். ஜிஎல்16 அதே நேரத்தை எடுத்தாலும், வெள்ளையாக இருந்து வெள்ளையாகவே இருக்கப்போகும் புள்ளியைத் தொடாது. புத்தகப் பக்கத்தில் பெரும்பகுதி வெள்ளைதானே, எனவே சிமிட்டல் கண்ணில் படாது. ஆனால் நிழல் சேரும். டியூ என்பது கருப்புக்கோ வெள்ளைக்கோ மட்டும் போவது, சுமார் 260 மில்லி நொடி. ஏ2 இரண்டே நிறம், சுமார் 120 மில்லி நொடி. விசைப்பலகையில் தட்டும்போது உதவும், ஆனால் அழுக்கு சீக்கிரம் சேரும். வேகம், சுத்தம், சிமிட்டாமை ஆகிய மூன்றையும் ஒரே அட்டவணையில் கொடுக்க முடியவில்லை.

திரையைச் சுற்றிக்கொண்டு போனவர்கள்

2004ல் சோனி நிறுவனம் ஜப்பானில் லிப்ரியே என்ற கருவியை வெளியிட்டது. ஈ இங்க் திரையோடு கடைக்கு வந்த முதல் வாசிப்பான் அதுதான். 6 அங்குலம், 800 × 600 புள்ளி, 4 சாம்பல் நிலை. பக்கம் திருப்ப ஒரு நொடிக்குப் பக்கமாக ஆகும், ஒவ்வொரு தடவையும் சிமிட்டும்.

பக்கம் மாற ஒரு நொடி காத்திருக்கலாம். பட்டியலில் அம்புக்குறி ஒரு வரி இறங்க ஒரு நொடி காத்திருக்க முடியுமா? 2007 நவம்பரில் வந்த முதல் கிண்டிலின் வடிவமைப்பாளர்கள் இதற்குச் செய்ததைப் பார்த்தால் சிரிப்பும் வரும், மரியாதையும் வரும். மின்தாளில் அம்புக்குறியே வைக்கவில்லை. திரைக்கு வலப்பக்கம் தனியாக ஒரு ஒல்லியான திரவப் படிகப் பட்டை வைத்து, உருளையைத் திருப்பினால் அதில் வெள்ளிக் கோடு ஒன்று மேலும் கீழும் ஓடும்படி செய்தார்கள். எந்த வரிக்கு நேராகக் கோடு நிற்கிறதோ அந்த வரியைத் தேர்ந்தெடுக்கலாம். 2009ல் பார்ன்ஸ் அண்ட் நோபிள் கொண்டுவந்த நூக், மின்தாளுக்குக் கீழே ஒரு சின்ன வண்ணத் தொடுதிரையையே வைத்துவிட்டது. படிக்க மேல் திரை, தேட கீழ்த் திரை. இரண்டு கருவியுமே சிமிட்டலைத் தீர்க்கவில்லை, அதைச் சுற்றிக்கொண்டு போயின.

ஆறு பக்கத்துக்கு ஒருமுறை

திருப்பம் 2011ல் வந்தது. அந்த ஆண்டு மே மாதம் அறிவிக்கப்பட்ட நூக் சிம்பிள் டச், சிமிட்டலை 80 சதவீதம் குறைத்திருப்பதாக விளம்பரம் செய்தது. புதிய மை ஏதோ வந்துவிட்டது என்று தோன்றும். நடந்தது கணக்குதான். ஐந்து பக்கங்களைச் சிமிட்டாத அட்டவணையில் வரைவது, ஆறாவது பக்கத்தில் ஒருமுறை முழுதாகத் துடைப்பது. ஆறில் ஐந்து என்றால் 83 சதவீதம், விளம்பரத்துக்குப் போதும். செப்டம்பரில் வந்த கிண்டில்களும் அதே ஆறு பக்க வழியைப் பிடித்தன.

சுவாரசியமான விஷயம் அதற்குப் பிறகு நடந்தது. சிமிட்டல் போனதில் எல்லோருக்கும் சந்தோஷம் இல்லை! நிழல் எழுத்து கண்ணை உறுத்துகிறது, பழையபடி ஒவ்வொரு பக்கமும் சிமிட்டட்டும் என்றார்கள் சிலர். அமேசான் பின்னர் அமைப்புகளில் அதற்கு ஒரு தெரிவைச் சேர்த்தது. கோபோ கருவிகளில் எத்தனை பக்கத்துக்கு ஒருமுறை என்ற எண்ணையே வாசகர் தேர்ந்தெடுக்க முடிந்தது. ஒருவருக்கு மின்னல் தலைவலி, இன்னொருவருக்கு நிழல் தலைவலி. இரண்டுக்கும் பொதுவான சரியான எண் என்று ஒன்று கிடையாது.

2013ல் கோபோ ஆரா கருவியோடு ரீகல் என்ற முறை வந்தது. எழுத்துகளின் ஓரத்தில் நிழல் எங்கே சேரும் என்று மென்பொருள் முன்கூட்டியே கணக்கிட்டு, அந்தப் புள்ளிகளுக்கு மட்டும் தனிச் செய்முறை கொடுக்கும் முறை. சிமிட்டாமல் பல பக்கம் ஓட்ட முடிந்தது.

மென்பொருளின் பங்கு

இதே காலத்தில் உள்ளே இன்னொரு மாற்றம். தனிச் சில்லாக இருந்த திரைக் கட்டுப்பாடு, ஃப்ரீஸ்கேல் ஐ.எம்எக்ஸ்508 போன்ற செயலிகளுக்குள்ளேயே வந்தது. கிண்டில் டச், கோபோ டச் எல்லாம் இந்தக் குடும்பம்தான். லினக்ஸ் கருவில் ஓடுவதால் அதன் இயக்கி நிரலை உரிமப்படி வெளியிட வேண்டியிருந்தது. இன்ன செவ்வகப் பகுதியை இன்ன அட்டவணையில் வரை, முழுதாகவோ மாறியதை மட்டுமோ வரை என்று கேட்கும் கட்டளைகள் வெளியில் தெரிந்தன.

அந்தக் கதவு வழியாகத்தான் கேஓரீடர் போன்ற கட்டற்ற வாசிப்பு மென்பொருள்கள் வளர்ந்தன. கிண்டிலில் பிடிஎஃப் படிக்க ஒரு சின்ன நிரலாகத் தொடங்கி, இன்று கிண்டில், கோபோ, பாக்கெட்புக் என்று பலவற்றிலும் ஓடுகிறது. அதன் நிரலைப் படித்தால் 300 பாட் காலத்து யோசனைகள் மறுபடி உயிரோடு இருப்பது தெரியும். பட்டியல் திறந்தால் அந்தப் பெட்டியின் பகுதி மட்டும், விசை தட்டினால் அந்த விசை மட்டும், படம் உள்ள பக்கம் என்றால் முழுச் சிமிட்டல். ஐ.எம்எக்ஸ்508ஆல் ஒரே நேரத்தில் 16 பகுதிகள் வரை தனித்தனியாக மாற்ற முடியும். ஆனால் ஒன்றின் மேல் ஒன்று விழுந்தால் முதல் வேலை முடியும் வரை இரண்டாவது காத்திருக்க வேண்டும். கவனமில்லாமல் சின்னச் சின்னதாக வரையச் சொல்லும் மென்பொருள், அதே திரையில் இரண்டு மடங்கு மந்தமாகத் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

திரைக்குப் போவதற்கு முன்னாலேயே நேரம் போகிற இடம் இன்னொன்று. ஈபப் கோப்பில் பக்கம் என்பதே கிடையாது. எழுத்துரு அளவை ஒரு புள்ளி கூட்டினால் மொத்தப் புத்தகத்துக்கும் வரி உடைத்து, பக்கம் பிரித்து, எத்தனை பக்கம் என்று எண்ண வேண்டும். வாசிப்பான்களில் இருப்பதோ சிக்கனமான செயலி. அதனால் ஒருமுறை கணக்கிட்டதைச் சேமித்து வைப்பது, நாம் இந்தப் பக்கத்தைப் படிக்கும்போதே அடுத்த பக்கத்தைப் பின்னால் வரைந்து வைப்பது போன்ற உத்திகள் வந்தன.

தமிழ் வாசகர்களுக்கு இதில் ஒரு கூடுதல் அடி. 'கொ' என்று காட்ட வேண்டுமானால் ஒரே உயிர்க்குறியை இரண்டாகப் பிரித்து மெய்யின் இருபுறமும் வைக்க வேண்டும். பழைய வாசிப்பான்களின் மென்பொருளுக்கு அது தெரியாது. எழுத்துகள் உடைந்து சிதறும். ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் தளத்தில் ஈபப், மோபி ஆகியவற்றோடு 6 அங்குல பிடிஎஃப் என்று ஒரு வடிவமும் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பழைய கிண்டில், நூக் வைத்திருப்பவர்களுக்காக அந்தச் சின்னத் திரைக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை அது. எழுத்துகளைக் கோப்பது, வரி உடைப்பது எல்லாம் கணினியிலேயே முடிந்துவிடும். கருவிக்கு வரைவது மட்டும்தான் வேலை. எழுத்தைப் பெரிதாக்க வழியில்லை என்பது அதற்குக் கொடுத்த விலை.

சாவி யாரிடம்?

கேஓரீடரில் எத்தனை பக்கத்துக்கு ஒருமுறை சிமிட்ட வேண்டும், அத்தியாயம் மாறும்போது சிமிட்டலாமா, படம் வந்தால் என்ன செய்வது என்று எல்லாவற்றையும் வாசகரே முடிவு செய்யலாம். ஆனால் அந்தச் சுதந்திரத்துக்கு ஓர் எல்லை இருக்கிறது. எந்த அட்டவணையைப் பயன்படுத்துவது என்றுதான் தேர்ந்தெடுக்க முடியும். அட்டவணைக்குள் இருப்பது ஈ இங்க் நிறுவனத்தின் உடைமை. திரைகளின் உற்பத்தித் தொகுதிக்குத் தொகுதி அது மாறும். கட்டற்ற மென்பொருள்காரர்களுக்காகவே வந்த பைன்நோட் கருவியில்கூட, அலைவடிவம் இருக்கும் பகுதியை முதலில் நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்கிறார்கள். அது அழிந்துபோனால் அந்தத் திரைக்குப் பொருந்துகிற இன்னொன்றை இணையத்தில் தேடி எடுக்க முடியாது.

இப்போது வண்ணம் வந்திருக்கிறது. ஈ இங்க் 2022ல் அறிவித்த கேலரி 3 திரையில் நான்கு நிறத் துகள்கள் ஒரே குப்பியில் நீந்துகின்றன. அவர்கள் தந்த கணக்குப்படியே கருப்பு வெள்ளைக்கு 350 மில்லி நொடி, வண்ணத்துக்கு அரை நொடியிலிருந்து, நல்ல தரம் வேண்டுமென்றால் ஒன்றரை நொடி வரை. லிப்ரியே காலத்துக் காத்திருப்பு வண்ண உடையில் திரும்பியிருக்கிறது. சிமிட்டலும் கூடவே வந்திருக்கிறது. இதற்கும் ஒரு "ஆறு பக்கம்" யாராவது கண்டுபிடிப்பார்கள். கண்டுபிடிக்கிறவர்கள் அந்த எண்ணை மாற்றும் வசதியை முதல் பதிப்பிலேயே வாசகருக்குக் கொடுத்துவிட்டால் நன்றாக இருக்கும்.

உங்களிடம் வாசிப்பான் இருந்தால், இன்று அமைப்புகளுக்குள் போய்ப் பக்கப் புதுப்பிப்பு என்ற பொருளில் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் இரண்டு நாள் ஒவ்வொரு பக்கமும், இரண்டு நாள் அதை அணைத்தும் படித்துப் பாருங்கள். எது உங்கள் கண்ணுக்கு ஒத்துப்போகிறது என்பதை உங்களைத் தவிர வேறு யாரும் சொல்ல முடியாது.